காபிக் கோப்பையும் பறிக்கும் கையும்

"மாமா, இங்கே நியாய வணிகக் காபிக்காகக் கையெழுத்து வாங்குகிறார்கள். நானும் சேரலாமா, கூடாதா?"

அமெரிக்காவிலிருந்து டெலிபோனில் வந்த கேள்வி இது. கேட்டவள் எங்கள் கிளைத் தோழர் ஒருவரின் மகள். அவளுடைய பாட்டி ஏற்காட்டு மலையில் காபிப் பழம் பறித்தே முதுகு கூனிப்போனவர். பேத்தி உபகாரச் சம்பளம் பெற்று அங்கே ஒரு சர்வகலாசாலையில் ஆராய்ச்சி மாணவியாக இருக்கிறாள். பாட்டி பறித்த காபி கப்பலேறிப் போயிற்று. பேத்தி விமானமேறிப் போயிருக்கிறாள்.

விஷயம் இதுதான். அந்தச் சர்வகலாசாலையில் விற்கும் காபி முழுவதும் நியாய வணிக முத்திரை பெற்றதாக இருக்க வேண்டுமென்று மாணவர் குழு ஒன்று கோருகிறது. அங்கே சிற்றுண்டிச் சாலைகளைக் காண்ட்ராக்ட் எடுத்து நடத்தும் கம்பெனி மறுக்கவில்லை. "தாராளமாகக் கொண்டுவருகிறோம். ஆனால் செலவு கூடும். பரிமாறும் ஆட்களின் வேலை நேரத்தைக் குறைத்துத்தான் சரிக்கட்ட வேண்டும்" என்கிறது. குழுவில் சிலர், "முதலில் காபி வரட்டும், மற்றதைப் பிறகு பார்க்கலாம்" என்கிறார்கள். இவளுடைய இடதுசாரி நண்பர்கள் சிலரோ, "இது வசதி படைத்த பிள்ளைகள் தங்கள் மனச்சாட்சிக்குத் தடவும் தைலம்" என்று கேலி செய்து ஒதுங்கி நிற்கிறார்கள். இவள் நடுவில் நிற்கிறாள்.

"நீங்கள் தோட்டத் தொழிலாளர் சங்கத்தில் வேலை செய்கிறவர். நீங்கள் சொல்லுங்கள்" என்றாள்.

எனக்கு உடனே பதில் சொல்லத் தெரியவில்லை. பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். ஒரு வாரம் தவணை கேட்டேன். படித்தேன், தெரிந்த தோழர்களை விசாரித்தேன். அவளுக்குச் சொன்ன பதிலையே இங்கே எழுதுகிறேன். வெளிநாட்டில் படிக்கும் பிள்ளைகள் இன்று நம் தொழிலாளி வீடுகளிலும் இருக்கிறார்கள். இந்தக் கேள்வி அவர்களுக்கும் வரும்.

நியாயம் யாருக்கு?

நியாய விலை என்றதும் நமக்கு ரேஷன் கடைதான் நினைவுக்கு வரும். அங்கே நியாயம் வாங்குகிறவருக்கு. இதில் நியாயம் விளைவிக்கிறவருக்கு என்கிறார்கள். ஏற்பாடு இப்படி: சிறு காபி விவசாயிகள் கூட்டுறவுச் சங்கமாகச் சேர வேண்டும். உலகச் சந்தையில் விலை எவ்வளவு விழுந்தாலும், குறித்த ஒரு குறைந்தபட்ச விலைக்குக் குறையாமல் அந்தச் சங்கத்துக்குக் கொடுக்க வேண்டும். அதற்கு மேல் பொது நன்மைக்கென்று ஒரு கூடுதல் தொகையும் உண்டு. பள்ளிக்கூடமா, பாலமா, மருத்துவமனையா என்பதைச் சங்க உறுப்பினர்கள் தீர்மானிக்கலாம். இந்த நிபந்தனைகளின்படி வாங்கிய காபிக்கு ஒரு முத்திரை குத்தப்படும்.

முதல் முத்திரை 1988-ல் ஹாலந்தில் பிறந்தது. மெக்சிகோ நாட்டின் வாஹாகா மாநிலத்து ஏழை விவசாயிகளின் கூட்டுறவுச் சங்கம்தான் அதற்குத் தூண்டுகோல். முத்திரைக்கு 'மாக்ஸ் ஹவலார்' என்று பெயர் வைத்தார்கள். அது 1860-ல் டச்சு மொழியில் வந்த நாவலின் பெயர். ஜாவா தீவில் டச்சு ஆட்சி விவசாயிகளைக் கட்டாயப்படுத்திக் காபி பயிரிடச் செய்து கொள்ளையடித்ததை அம்பலப்படுத்திய புத்தகம் அது. அமெரிக்காவில் 1990-களின் இறுதியில் நியாய வணிக முத்திரை வந்தது.

இதற்கு ஏன் அவசியம் நேர்ந்தது? இதைத் தெரிந்துகொள்ளாமல் கேலி செய்வதும் தவறு, கொண்டாடுவதும் தவறு.

ஒரு ஒப்பந்தத்தின் கதை

காபி விலை மழையைப் போல வானத்திலிருந்து விழுவதல்ல. 1962-ல் சர்வதேசக் காபி ஒப்பந்தம் ஏற்பட்டது. எந்த நாடு எவ்வளவு ஏற்றுமதி செய்யலாம் என்று பங்கு பிரித்தார்கள். அதனால் விலை ஓரளவு தாங்கி நின்றது. அமெரிக்க சர்க்கார் இதற்கு ஏன் சம்மதித்தது? கருணையினாலா? இல்லை. 1959-ல் கியூபாவில் புரட்சி வென்றிருந்தது. லத்தீன் அமெரிக்காவின் மற்ற விவசாயிகளும் அதே பாதையில் போய்விடுவார்களோ என்ற பீதி பிடித்தது. காபி விலையைத் தாங்கிப் பிடித்தால் கலகத்தைத் தடுக்கலாம் என்று கணக்குப் போட்டார்கள்.

அந்தப் பயம் தணிந்ததும் என்ன நடந்தது? 1989 ஜூலையில் ஏற்றுமதிப் பங்கு முறை கைவிடப்பட்டது. அதுவரை பவுண்டு ஒரு டாலரைச் சுற்றியோ அதற்கு மேலோ நின்ற விலை சரிந்தது. இடையில் சில ஆண்டுகள் ஏறி, மறுபடி சரிந்து, 2001-ல் நியூயார்க் சந்தையில் பவுண்டு 50 சென்ட்டுக்கும் கீழே போயிற்று. நம் நாட்டிலும், விளைச்சலை ஒன்றாகத் திரட்டி விற்றுவந்த காபி போர்டின் ஏற்பாடு 1990-களில் படிப்படியாகக் கைவிடப்பட்டிருந்தது. ஆகவே உலகச் சந்தையின் அடி குடகிலும் வயநாட்டிலும் நேராக விழுந்தது. நிகராகுவாவின் மதகல்பா பகுதியில் வேலையிழந்த காபித் தோட்டத் தொழிலாளர்கள் பிள்ளைகுட்டிகளோடு சாலையோரத்தில் கூடாரம் போட்டுக் கிடந்தார்கள். பசியால் மாண்டவர்களும் உண்டு.

அதே நாட்களில் நியூயார்க்கிலும் லண்டனிலும் காபி விலை குறைந்ததா? காபிக் கடைகள் பெருகின. கோப்பையின் விலையும் ஏறிற்று. லண்டனிலுள்ள சர்வதேசக் காபி ஸ்தாபனத்தின் தலைவரே ஒரு கணக்குச் சொன்னார். 1990-களின் துவக்கத்தில் உலகில் சில்லறையில் விற்ற காபியின் மதிப்பு சுமார் 3,000 கோடி டாலர். அதில் காபி விளையும் நாடுகளுக்குப் போனது 1,000 முதல் 1,200 கோடி. பத்தாண்டுகள் கழித்துச் சில்லறை விற்பனை 7,000 கோடி டாலரைத் தாண்டியது. விளையும் நாடுகளுக்குப் போனது 550 கோடிதான்!

வாசகர்கள் இந்த எண்களை இன்னொரு முறை படிக்க வேண்டுகிறேன். மொத்தப் பணம் இரண்டு மடங்குக்கு மேல் பெருகியது. விளைவித்த நாடுகளுக்குப் போன பணமோ பாதியாகக் குறைந்தது. காபிக்கொட்டையை வறுத்து விற்கும் நான்கைந்து ஏகபோகக் கம்பெனிகள் இடையில் உட்கார்ந்திருந்தன. அவை யாருடைய வயிற்றை எரித்தன என்று சொல்லவும் வேண்டுமா?

மாணவர்கள் செய்தது என்ன?

இந்த நெருக்கடியின் நடுவில்தான் மேல்நாட்டு மாணவர்கள் விழித்துக்கொண்டார்கள். 'நாம் தினமும் குடிக்கும் காபி எங்கிருந்து வருகிறது?' என்று கேட்டார்கள். கேள்வி எளியது. ஆனால் முதலாளித்துவச் சந்தை மறைத்து வைக்கும் விஷயமே அதுதான். கடையில் காபிப்பொடிப் பொட்டலம் மட்டும் கண்ணில் படுகிறது. அதைப் பறித்த கை கண்ணில் படுவதில்லை. சரக்கின் பின்னால் மனித உறவு மறைந்து கிடப்பதை மார்க்ஸ் விளக்கினார். அந்தப் பிள்ளைகளில் பெரும்பாலோர் மார்க்சைப் படித்திருக்க மாட்டார்கள். காபிக் கோப்பையைப் பிடித்துக்கொண்டே அவர்கள் அந்த வாசலுக்கு வந்து சேர்ந்தார்கள்.

வேலை செய்த விதமும் நமக்குப் பழக்கமானதுதான். உணவுச் சாலை வாசலில் மேஜை போட்டார்கள். கையெழுத்து வாங்கினார்கள். மாணவர் பேரவையில் தீர்மானம் கொண்டுவந்தார்கள். மெக்சிகோவிலிருந்தும் நிகராகுவாவிலிருந்தும் விவசாயிகளை அழைத்துப் பேசச் செய்தார்கள். காண்ட்ராக்ட் புதுப்பிக்கும் காலம் பார்த்து நிர்வாகத்தின் கழுத்தில் துண்டு போட்டார்கள். 2000-களின் துவக்கத்தில் அமெரிக்காவின் பல சர்வகலாசாலைக் குழுக்கள் ஒன்றுகூடித் தேசிய அளவில் ஒரு மாணவர் ஸ்தாபனமும் கண்டன. இங்கிலாந்தில் ஆக்ஸ்போர்டு புரூக்ஸ் சர்வகலாசாலை 2003-ல் உலகின் முதல் நியாய வணிகச் சர்வகலாசாலை ஆயிற்று.

கம்பெனிகளும் அசைந்தன. 2000 ஏப்ரலில், பல நகரங்களில் மறியல் நடக்கும் என்ற அறிவிப்பு வந்த பிறகு, ஸ்டார்பக்ஸ் கம்பெனி முத்திரைக் காபி விற்க ஒப்புக்கொண்டது. எல்லா இடத்திலும் வெற்றி கிட்டவில்லை. சர்வகலாசாலைக்குப் பேர்போன பெர்க்லி நகரில், நியாய வணிகக் காபி, ரசாயன உரமின்றி விளைந்த காபி, மரநிழலில் வளர்ந்த காபி இவற்றைத் தவிர வேறு காபி விற்கக் கூடாது என்ற யோசனை 2002 நவம்பரில் நகர வாக்கெடுப்புக்கு வந்தது. ஜனங்கள் பெரும்பான்மையாக நிராகரித்துவிட்டார்கள். நல்லெண்ணத்தைச் சட்டமாக்க வேண்டுமானால் முதலில் ஜனங்களிடம் போக வேண்டும் என்ற பாடம் அதில் இருக்கிறது.

அரை சென்ட் கணக்கு

இனி காண்ட்ராக்ட் கம்பெனி சொன்ன 'செலவு' விஷயத்துக்கு வருவோம்.

ஒரு பவுண்டு பச்சைக் காபிக்கொட்டையை வறுத்து அரைத்தால் சுமார் நாற்பது கோப்பை காபி போடலாம். 2001-ல் விலை அதலபாதாளத்தில் கிடந்தபோது, முத்திரைக் காபியின் விலை கூடுதல் தொகையும் சேர்த்துப் பவுண்டு 1 டாலர் 26 சென்ட். சந்தை விலை 50 சென்ட்டுக்குக் கீழே. வித்தியாசம் 80 சென்ட் என்றே வைத்துக்கொள்வோம். நாற்பதால் வகுத்தால் கோப்பைக்கு 2 சென்ட்!

பிந்தைய நிலைமை என்ன? 2023 ஆகஸ்டில் குறைந்தபட்ச விலை பவுண்டு 1 டாலர் 80 சென்ட் ஆயிற்று. ஆனால் பிறகு சந்தை விலையே அதற்கு மேலே ஏறியது. 2025 பிப்ரவரியில் நியூயார்க்கில் 4 டாலரைத் தாண்டியது. சந்தை விலை மேலே நின்றபோது முத்திரைக் காபிக்குக் கூடுதலாகத் தர வேண்டியிருந்தது பவுண்டுக்கு 20 சென்ட் பொதுநலத் தொகைதான். நாற்பதால் வகுத்தால் கோப்பைக்கு அரை சென்ட்! வறுப்பவரும் கமிஷன்காரரும் தங்கள் பங்குக்கு ஏற்றினாலும் இன்னும் ஓரிரு சென்ட். இதற்காகவா பரிமாறும் பெண்ணின் வேலை நேரத்தை வெட்ட வேண்டும்?

ஆகவே அந்தக் கம்பெனி சொன்னது கணக்கல்ல, சூழ்ச்சி. மெக்சிகோ விவசாயியையும் உள்ளூர்த் தொழிலாளியையும் மோதவிட்டு, இருவருக்கும் நடுவில் தன் லாபத்தைப் பத்திரமாக வைத்துக்கொள்ளும் வித்தை. நம் ஊர் மில் முதலாளிகள் இதை எத்தனை முறை செய்திருக்கிறார்கள்! "பஞ்சு விலை ஏறிவிட்டது, ஆகவே கூலியைக் குறை" என்ற பழைய பல்லவிதான் இது.

பறிக்கும் கை எங்கே?

இத்தனையும் சொன்ன பிறகு, மறுபக்கத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

அந்த வாரம் ஏற்காடு போயிருந்தேன். பாட்டியைப் பார்த்து, பேத்தி செய்யப்போகிற காரியத்தை விளக்கினேன். விவசாயிக்கு நல்ல விலை, கூட்டுறவுச் சங்கம், முத்திரை எல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்த பாட்டி ஒரே ஒரு கேள்வி கேட்டார்:

"எல்லாம் சரி தம்பி, பறிக்கிறவளுக்குக் கிலோவுக்கு எவ்வளவு குடுக்கிறாங்களாம்?"

முத்திரையிடம் இதற்கு நேரான பதில் இல்லை. விலை கூட்டுறவுச் சங்கத்துக்குப் போகிறது. சங்கத்தின் செலவு, கடன் கழித்து உறுப்பினரான விவசாயிக்குப் போகிறது. அந்த விவசாயி அறுவடைக் காலத்தில் கூலிக்கு ஆள் வைக்கிறார். நிலமில்லாத கூலிப்பெண் சங்க உறுப்பினர் அல்ல. பொதுநலத் தொகையை எப்படிச் செலவிடுவது என்ற கூட்டத்தில் அவளுக்கு இடமில்லை.

இது வெறும் யூகமல்ல. லண்டன் சர்வகலாசாலையைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர்கள் எதியோப்பியாவிலும் உகாண்டாவிலும் நான்காண்டுகள் ஆராய்ந்து 2014-ல் அறிக்கை வெளியிட்டார்கள். காபி, தேயிலை, மலர் விளையும் பகுதிகளில் கூலித் தொழிலாளரை நேரில் கண்டு விசாரித்தார்கள். முத்திரை பெற்ற சங்கங்கள் இருக்கும் பகுதிகளில் கூலி மற்றப் பகுதிகளைவிட உயர்ந்திருக்கவில்லை, பெரும்பாலும் குறைந்தே இருந்தது என்று கண்டார்கள். உகாண்டாவில் ஒரு தேயிலைக் கூட்டுறவில் பொதுநலத் தொகையில் நவீனக் கழிப்பறை கட்டியிருந்தார்கள். அதை உபயோகித்தது யார்? மேல்நிலை நிர்வாகிகள் மட்டும்! ஒப்பிட்ட விதம் சரியல்ல, அளவில் பொருந்தாத பண்ணைகளை ஒப்பிட்டார்கள் என்று முத்திரை ஸ்தாபனம் ஆட்சேபித்தது. அந்த விவாதம் எப்படிப் போனாலும், பாட்டி கேட்ட கேள்வி அப்படியே நிற்கிறது.

பிறகு நடந்தது இன்னும் கவனிக்கத்தக்கது. சர்வதேச முத்திரை ஸ்தாபனம் காபியில் சிறு விவசாயிகளின் சங்கங்களுக்கு மட்டுமே முத்திரை தந்துவந்தது. அமெரிக்கக் கிளை, 2011 முடிவோடு அதிலிருந்து பிரிந்து, பெரிய காபித் தோட்டங்களுக்கும் முத்திரை தரப்போவதாக அறிவித்தது. தோட்டத் தொழிலாளிக்கும் நன்மை கிட்டட்டுமே என்று காரணம் சொன்னது. கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் தோட்டத்துக்குள் எந்த வாசல் வழியாக நுழைந்தது? தொழிலாளர் சங்கத்தின் வாசல் வழியாகவா, முதலாளியின் பங்களா வாசல் வழியாகவா? சங்கம் கட்டிக் கூலி பேசும் பலம் தொழிலாளியிடம் இல்லாத தோட்டத்தில் முத்திரை குத்தினால், அது முதலாளிக்குக் கிடைத்த நற்சாட்சிப் பத்திரமாகவே முடியும். சிறு விவசாயி எஸ்டேட்டோடு போட்டி போட்டு நசுங்குவார்.

முத்திரைக்காக ஊர் ஊராக உழைத்த அந்த மாணவர் ஸ்தாபனமே இதைக் கண்டித்தது. அமெரிக்கக் கிளைக்குத் தந்துவந்த ஆதரவை 2011-ல் விலக்கிக்கொண்டது. தாங்கள் வளர்த்த கொடியையே தாங்கள் கேள்வி கேட்கத் துணிந்தார்களே, அந்த நேர்மையைப் பாராட்ட வேண்டும். 'வசதி படைத்த பிள்ளைகளின் தைலம்' என்று கேலி செய்கிறவர்கள் இதை அறிந்துகொள்ள வேண்டும்.

1791 சொல்லும் பாடம்

அப்படியானால் கோப்பையை வைத்துக்கொண்டு போராடுவது வீணா? சரித்திரம் என்ன சொல்கிறது?

1791-ல் இங்கிலாந்தில் அடிமை வியாபாரத்தை ஒழிக்கும் மசோதா பார்லிமெண்டில் தோற்றது. கொதித்தெழுந்த சாதாரண ஜனங்கள், அடிமைகள் விளைவித்த மேற்கிந்தியத் தீவுச் சர்க்கரையைப் பகிஷ்கரித்தார்கள். இலட்சக்கணக்கானவர்கள் சர்க்கரையை நிறுத்தினார்கள். வோட்டுரிமை இல்லாத பெண்கள் இதில் முன்னணியில் நின்றார்கள்.

அதே 1791 ஆகஸ்டில், இன்று ஹைத்தி என்று வழங்கும் பிரெஞ்சுக் காலனியான சேன் தொமாங்கில் அடிமைகள் ஆயுதமேந்திக் கிளர்ந்தார்கள். அந்தச் சின்னஞ்சிறு காலனிதான் அன்று உலகக் காபியில் ஏறத்தாழ பாதியை விளைவித்தது! பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேல் போராடி, நெப்போலியனின் படையையே முறியடித்து, 1804-ல் சுதந்திர நாட்டைப் பிரகடனம் செய்தார்கள்.

அடிமைத்தனத்தின் முதுகெலும்பை முறித்தது எது? அடிமைகளின் சொந்த எழுச்சிதான். இதில் சந்தேகமில்லை. ஆனால் இங்கிலாந்தில் சர்க்கரையைத் துறந்த அந்தப் பெண்களைப் பார்த்து, 'உங்கள் தேநீர்க் கோப்பையால் ஒன்றும் ஆகாது' என்று கேலி செய்வது புரட்சிகரமா? அல்லவே அல்ல. பிரிட்டிஷ் காலனிகளில் அடிமைத்தனத்தை ஒழிக்கும் சட்டம் 1833-ல் நிறைவேறியதில் அடிமைகளின் கலகங்களுக்கும் பங்குண்டு, அந்தப் பெண்களின் நீண்ட கிளர்ச்சிக்கும் பங்குண்டு. பறிக்கும் கை எழ வேண்டும். எழும்போது, குடிக்கும் கை அதைப் பிடித்துத் தூக்க வேண்டும்.

தக்காளி காட்டிய வழி

இது பழங்கதை அல்ல. அமெரிக்க மாணவர்களே நம் காலத்தில் நடத்திக் காட்டியிருக்கிறார்கள்.

புளோரிடா மாநிலத்தில் இம்மோகலீ என்ற ஊர். மெக்சிகோ, குவாதமாலா, ஹைத்தி நாடுகளிலிருந்து பிழைக்க வந்தவர்கள் அங்கே தக்காளி பறிக்கிறார்கள். 32 பவுண்டு கொள்ளும் ஒரு வாளிக்கு அன்று கிடைத்த கூலி 40, 45 சென்ட். இந்தத் தொழிலாளர்கள் ஒரு ஸ்தாபனம் கட்டினார்கள். 2001-ல் டாக்கோ பெல் என்ற பெரிய உணவுக்கடைக் கம்பெனியைப் பகிஷ்கரிக்கும்படி அறைகூவல் விடுத்தார்கள். அவர்கள் கேட்டது பவுண்டுக்கு ஒரே ஒரு சென்ட் கூடுதல். அது நேராகத் தொழிலாளியின் கூலியில் சேர வேண்டும்.

மாணவர்கள் இந்த அறைகூவலை ஏற்றார்கள். இருபதுக்கும் மேற்பட்ட கல்லூரிகளிலும் பள்ளிகளிலும் அந்தக் கடையை வெளியேற்றினார்கள் அல்லது நுழையவிடாமல் தடுத்தார்கள். 2005 மார்ச்சில் கம்பெனி பணிந்தது. அதோடு நிற்கவில்லை. சர்வகலாசாலை உணவுச் சாலைகளைக் காண்ட்ராக்ட் எடுக்கும் காம்பஸ், ஆராமார்க், சொடெக்சோ கம்பெனிகளும் 2009, 2010 ஆண்டுகளில் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. கொத்தடிமை நிலை கண்டுபிடிக்கப்பட்டாலோ, பெண்களை மானபங்கம் செய்தாலோ, அந்தப் பண்ணையின் தக்காளியை வாங்கக் கூடாது என்ற நிபந்தனையும் ஏற்பட்டது.

இரண்டுக்கும் என்ன வித்தியாசம்? தக்காளியில் நிபந்தனையை வகுத்தவர்கள் பறிக்கும் தொழிலாளர்கள். மாணவர்கள் அவர்களுக்குத் துணை நின்றார்கள். காபியில் நிபந்தனையை வகுத்தது முத்திரை ஸ்தாபனம். கூலித் தொழிலாளி அதில் பேசவே இல்லை. நான் சொல்ல வந்ததெல்லாம் இந்த ஒரு விஷயந்தான்: தொழிலாளியின் ஸ்தாபனம் முன்னே நடக்க வேண்டும், முத்திரை பின்னே வர வேண்டும்.

பரிமாறும் கை

பறிக்கும் கையைப் பற்றிப் பேசும்போது பரிமாறும் கையை மறக்கலாமா? நம் இயக்கத்துக்கு இதில் சொந்த அனுபவம் உண்டு.

காபி போர்டு இந்தியா முழுவதும் காபி ஹவுஸ்களை நடத்திவந்தது. 1950-களின் நடுவில் அவற்றை மூடத் தீர்மானித்தது. பரிமாறியவர்களும் சமையல்காரர்களும் தெருவுக்கு வரும் நிலை. அப்போது தோழர் ஏ. கே. கோபாலன் என்ன சொன்னார்? மூடாதே என்று கேட்பதோடு நிற்காமல், நீங்களே கூட்டுறவுச் சங்கம் அமைத்து நடத்துங்கள் என்றார். 1957 ஆகஸ்டில் பெங்களூரில் முதல் சங்கம் அமைந்தது. அந்த ஆண்டு அக்டோபர் 27-ல் டில்லியில் தொழிலாளர்களே நடத்தும் காபி ஹவுஸ் திறந்தது. கேரளத்தில் திருச்சூரில் 1958-ல் திறந்தது. கல்கத்தாவில் கல்லூரித் தெருவின் காபி ஹவுஸ் மூடப்படும் நிலை வந்தபோது, எதிரே இருந்த கல்லூரியின் பேராசிரியர்கள் சர்க்காருக்கு மனு எழுதினார்கள், அது பிழைத்தது. படித்தவர்களும் பரிமாறுகிறவர்களும் சேர்ந்து நின்றதற்கு அது சாட்சி.

கூட்டுறவு ஒன்றே முதலாளித்துவத்தை வீழ்த்திவிடும் என்று நாம் மயங்கவில்லை. 1864-ல் சர்வதேசத் தொழிலாளர் சங்கத்தின் துவக்க உரையில் மார்க்ஸ் கூட்டுறவு ஆலைகளைப் பெரிய வெற்றி என்று வரவேற்றார். முதலாளி இல்லாமலே உற்பத்தி நடக்கும் என்பதை அவை காரியத்தில் காட்டின என்றார். ஆனால் அங்கொன்றும் இங்கொன்றுமாக நிற்கும் வரை அவை ஏகபோகத்தைத் தடுத்து நிறுத்த முடியாது, தொழிலாளி வர்க்கம் அரசியல் அதிகாரத்தைப் பெற வேண்டும் என்றும் சேர்த்தே சொன்னார். வாஹாகா விவசாயிகளின் சங்கத்துக்கும் இது பொருந்தும், நம் காபி ஹவுஸுக்கும் பொருந்தும்.

நான் சொன்ன பதில்

ஒரு வாரம் கழித்து அந்தப் பெண்ணோடு பேசினேன்.

"சேர், அம்மா. ஒதுங்கி நின்று கேலி செய்வது எளிது. அதனால் ஒரு விவசாயிக்கும் ஒரு சென்ட் கூடாது. ஆனால் போகும்போது மூன்று கோரிக்கைகளை எடுத்துக்கொண்டு போ.

"ஒன்று: உணவுச் சாலைத் தொழிலாளர்கள் குழுவில் உட்கார வேண்டும். அவர்களுடைய ஒரு மணி நேர வேலை கூடக் குறையக் கூடாது என்பது உங்கள் தீர்மானத்தின் முதல் வரியாக இருக்க வேண்டும். கோப்பைக்கு அரை சென்ட் கணக்கைக் கம்பெனியின் முன்னால் போட்டு, உன் கணக்குப் புத்தகத்தைக் காட்டு என்று கேளுங்கள்.

"இரண்டு: சிறு விவசாயிகளின் சங்கங்களிலிருந்து மட்டும் வாங்கச் சொல்லுங்கள். முத்திரையைப் பார்த்துத் திருப்தியடையாமல் எந்தச் சங்கம், எந்த ஊர் என்று கேளுங்கள்.

"மூன்று: உன் பாட்டி கேட்ட கேள்வியைக் கேள். பறிக்கிறவளுக்குக் கிலோவுக்கு எவ்வளவு? அவளுக்குச் சங்கம் இருக்கிறதா? இதற்குப் பதில் எழுத்தில் வர வேண்டும். வராத இடத்தில் சங்கம் கட்டப் போராடுகிறவர்கள் யார் என்று தேடி அவர்களுக்குக் கை கொடுங்கள்."

சிறிது நேரம் பேச்சில்லை. பிறகு, "மூன்றாவது கோரிக்கை குழுவில் பலருக்குப் பிடிக்காது, மாமா" என்றாள்.

"பிடிக்காதுதான். அதனால்தான் அதைக் கேட்க வேண்டும்" என்றேன்.

சென்ற வாரம் மறுபடி பேசினாள். பரிமாறும் பெண்கள் நான்கு பேர் வேலை முடிந்து அங்கியோடு கூட்டத்துக்கு வந்தார்களாம். அவர்களில் ஒருத்தி குவாதமாலாக்காரி. சிறு வயதில் தாயோடு காபி பறித்தவள். இத்தனை மாதங்களாக வாசலில் மேஜை போட்டு விவசாயிக்காகக் கையெழுத்து வாங்கிய பிள்ளைகளுக்கு, காபி பறித்த கைதான் தங்களுக்குக் காபி ஊற்றித் தந்தது என்று தெரியாது. கணக்கைக் காட்ட இரண்டு வாரத் தவணை கேட்டிருக்கிறது கம்பெனி.

முடிவு என்னவாகுமென்று நான் ஜோசியம் சொல்லப் போவதில்லை. ஒன்று மட்டும் நடந்திருக்கிறது. குடிக்கும் கையும் பரிமாறும் கையும் ஒரே மேஜையில் உட்கார்ந்துவிட்டன. பறிக்கும் கைக்கு இன்னும் ஒரு நாற்காலி காலியாக இருக்கிறது. அதை நிரப்பும் வரை இந்த வேலை முடியாது. அங்கேயும் முடியாது, ஏற்காட்டிலும் முடியாது.